ஆளில்லாத இடத்துக்குப் போன பந்து

ரத்தோட்டை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் முழங்காலில் தைலம் தேய்த்தார். மழைக்கு ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன. காரமும் குளிர்ச்சியும் கலந்த, கண்ணைக் கரிக்கும் அந்த வாசனை பஸ்ஸை நிறைத்தது. யாரோ தும்மினார்கள், யாரோ முணுமுணுத்தார்கள். நான் மட்டும் மூச்சை ஆழ இழுத்துக்கொண்டேன். என் மனைவியின் தம்பி எங்களோடு தங்கியிருந்த காலம் முழுக்க வீடு இந்த வாசனையில்தான் கிடந்தது. தலையணையில், துவாயில், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கொப்பிகளில்கூட.

"அக்கா, காலுக்குக் கொஞ்சம் தேச்சு விடுங்களேன்."

"கல்யாணம் கட்டு, வர்றவ தேய்ப்பா. இப்ப காலத் தூக்கி அங்கிட்டு வை, சோத்துப் பானைய எறக்கணும்."

கடைசியில் தேய்த்து விடுவது நான்தான். மசாலாக் கடையில் பகல் முழுக்க மூட்டை தூக்கி, மாலையில் மைதானத்தில் ஓடி, இருட்டியபின் கராம்பு வாசமும் தைல வாசமுமாக வந்து விழுவான். கல்லைப் போல இறுகிய கெண்டைக்காலை உருட்டிக்கொண்டே அவன் ஆடிய ஆட்டத்தை அவன் வாயாலேயே மறுபடி கேட்பேன். எனக்கு அதில் ஒரு பேராசை.

எல்கடுவக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன். அங்கே மைதானம் என்பது ஒரு சரிவு. பந்து நிற்காது, தவறினால் தேயிலைக்குள் இறங்கிவிடும், யார் இறங்கி எடுப்பது என்று ஒரு சண்டை வரும். அதனால் பந்து கிளம்பும் முன்பே இவன் கால் கிளம்பிவிடும். மாத்தளையின் தட்டையான மைதானத்துக்கு வந்த பிறகும் அது போகவில்லை. எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் கோலுக்கு முன்னால் எங்கேயோ ஓர் இடத்தில் போய் நிற்பான். சற்றுக் கழித்து, அழைத்துக்கொண்டு வந்தது போல, பந்தும் அங்கே வரும். அந்தச் சற்று நேரத்துக்காகவே நான் மைதானத்துக்குப் போவேன்.

அவன் போட்ட கோல்களால் எங்கள் ஊர்க் கால்பந்து கிளப் மேல் லீக்குக்கு ஏறியது. ஏறியதும் கிளப்பின் தலைவர் கானாவிலிருந்து ஓர் ஆட்டக்காரரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். இவனை இடது பக்கத்தில், பின்னால், காவலுக்குப் போட்டார்கள்.

தலைவர் ஊரில் பெரிய வியாபாரி. ஹாஜியார் என்போம். கிளப் என்றால் உயிர். தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் யாரும் பேசமாட்டார்களாம். நான் நேரே போய்க் கேட்டேன்.

"கோல் போட்டுத் தந்தவனையே பின்னுக்குத் தள்ளிட்டீங்களே, ஹாஜியார்?"

"என்ன மாஸ்டர் செய்ய? லீக்ல எல்லா கிளப்பும் முன்னுக்கு வெளிநாட்டு ஆள்தான் வெச்சிருக்காங்க. நாங்க மட்டும் வைக்காட்டி ஒரே வருஷத்துல கீழ எறங்கிருவோம். ஒங்க மச்சினன பெஞ்சுல ஒக்கார வைக்காம பெக்குல போட்டேனே, அதுக்கு துஆ செய்ங்க."

"சின்னப் பிள்ளைகளோட கோச்சையும் நிப்பாட்டிட்டீங்களாமே?"

"அவருக்குக் குடுத்த சம்பளம்தான் இப்ப கானாக்காரருக்குப் போகுது. சின்னப் பிள்ள வளர்ந்து வர எத்தன வருஷம்? எனக்கு வர்ற ஞாயித்துக்கிழம மெட்ச் இருக்கு, மாஸ்டர்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு வருத்தம். மேல் லீக்கின் ஒவ்வொரு ஊரிலும் ஒரு ஹாஜியார் இருந்தார். ஒவ்வொருவரும் தன் ஊரை நேசித்து, தன் கைக்காசைக் கொட்டி, கோல் போடும் இடத்துக்கு மட்டும் ஆள் வாங்கினார். அந்த இடத்துக்காகவே பிறந்த உள்ளூர்ப் பையன்கள் ஒவ்வொரு ஊரிலும் பின்னால் நகர்ந்து பந்தைத் தூக்கி அனுப்பப் பழகினார்கள்.

வந்த கானாக்காரரைக் கோபிக்கலாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. ஹாஜியாரின் கடை மாடியில் தனியாகத் தங்கியிருந்தவரை என் மச்சினனே சாப்பிட அழைத்து வந்தான். எங்கள் வாசல் நிலையில் தலை இடித்துக்கொண்டு, நிலையிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். ரொட்டியும் கட்டச்சம்பலும் தின்று கண்ணீர் வழிய இன்னும் கேட்டார். அதன்பின் என் மனைவி அவருக்கென்று தனியாக ரொட்டி சுட ஆரம்பித்தாள். ஊரில் யாரைக் கண்டாலும், அவளைக்கூட, "மச்சான்" என்றே கூப்பிட்டார். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்: அவருடைய நாட்டில் அவர் நடுக்களத்து ஆட்டக்காரராம், பெரிதாகக் கோல் போட்டதே இல்லையாம். இங்கே வந்து இறங்கியதும் உயரத்தைப் பார்த்து முன்னால் நிறுத்திவிட்டார்களாம்.

"அப்ப நம்ம ரெண்டு பேருமே எடம் மாறித்தான் நிக்கிறோமா?" என்றான் மச்சினன். இரண்டு பேரும் குசினியே அதிரச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர்கள் ஆட்டம் ஒரே பாட்டுத்தான். இடது பின்பக்கத்தில் இவனுக்குப் பந்து கிடைக்கும். தலை நிமிராமலே தூக்கி அடிப்பான். அது மைதானத்தைக் குறுக்கே கடந்து, கோலுக்கு முன் நிற்கும் கானாக்காரரின் நெற்றியைத் தேடிப் போகும். சனம் "மேல! மேல!" என்று கத்தும். ஜெயித்தோம். நிறையவே ஜெயித்தோம்.

அந்தப் பந்துகளைப் பார்த்துத்தான் தேசிய அணிக்கு இவனைக் கூப்பிட்டார்கள், இடது பின்வரிசைக்கு. செய்தி வந்த அன்று என் மனைவி அழுதாள். தோட்டத்தில் வெடி கொளுத்தினார்களாம்.

முதல் ஆட்டத்தை எங்கள் வீட்டு டீவியில் பார்த்தோம். ஹாஜியார் இனிப்புக்கு வட்டிலாப்பத்தோடு வந்தார். கானாக்காரர் தரையில் கால் நீட்டி உட்கார, அறையில் பாதி போயிற்று. தேசிய கீதத்தின்போது மச்சினனின் முகம் வந்தது. "தலைய சீவியிருக்கலாம்" என்றாள் அவன் அக்கா.

அவனுக்கு முதல் பந்து கிடைத்தது. தலை நிமிராமல் தூக்கி அடித்தான். அழகான பந்து. மழைக்குப் பின் ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் வளைந்து போகும் கொக்கைப் போலப் போனது. போய் விழுந்த இடத்தில் புல்தான் இருந்தது. எதிரணிக் கோல்காப்பாளர் நடந்து வந்து எடுத்துக்கொண்டார். மறுபடி அடித்தான், மறுபடி புல். வலது பக்கத்தில் நின்ற வேறொரு ஊர்ப் பையனும் அதே இடத்துக்குத்தான் அடித்தான். லீக் முழுக்க எல்லோருடைய காலும் ஒரே பாடம் படித்திருந்தது. அந்தப் பாடத்தில் கோலுக்கு முன்னால் எப்போதும் வாங்கி வைத்த ஓர் ஆள் நிற்பார். நாட்டுக்காக ஆடும்போது அவர் இருக்கமாட்டார் என்பதைக் காலுக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு பந்து எழும்பியபோது கானாக்காரர் எழுந்தே விட்டார். இரண்டு கையையும் டீவியைப் பார்த்து விரித்து, "மச்சான்! நான் அங்க இல்ல!" என்று கத்தினார்.

எல்லோரும் சிரித்தோம். ஹாஜியார் வட்டிலாப்பக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்க நிக்க வேண்டியவன்தானே பந்த அடிக்கிறான்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

தோற்றுத் திரும்பி வந்தவன் தைலம் கேட்கவில்லை. குசினி வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, புத்தளம் பக்கத்தில் கீழ் லீக் கிளப் ஒன்று கூப்பிடுவதாகச் சொன்னான். வெளிநாட்டு ஆள் எடுக்க வசதி இல்லாத கிளப். முன்னால் ஆட விடுவார்களாம்.

"கீழ் லீக்குக்கா? அங்க போனா நாட்டு டீமுக்கு ஒன்ன யார்டா பாப்பாங்க?" என்றாள் அக்கா. "ஒரு தடவ போட்ட ஜெர்ஸியக் கழட்டிக் குடுக்கப் போறியா?"

"பந்த அடிச்சதும் என் காலு ஓடப் பாக்குதுக்கா. நான் அடிச்ச பந்துக்கு நானே ஓட முடியுமா? பெக்காவே இருந்தா கூப்புடுவாங்கதான். ஆனா இன்னும் ரெண்டு வருஷத்துல எனக்கு ஓடவே மறந்துரும்."

அவள் ரொட்டியைப் புரட்டவில்லை. கருகும் வாசம் வந்தது.

ஹாஜியாரிடம் நானும் கூடப் போனேன். அவர் தடுக்கவில்லை. "போங்க மகன். ஆனா ஒங்களுக்குப் பொய் சொல்ல ஏலாது. அடுத்த வருஷமும் நான் வெளிநாட்டு ஆள்தான் எடுப்பேன். கீழ எறங்குனா இந்த ஊர் என்ன ஏசியே கொன்னுரும்" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. அவனைக் கட்டிப்பிடித்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, மிளகும் ஏலமும் கட்டிய ஒரு பொதியைக் கையில் திணித்தார்.

மாத்தளை பஸ் நிலையத்தில் விடிகாலைத் தூறல். கானாக்காரர் அவன் பையைத் தலைக்குமேல் தூக்கி வந்து ராக்கையில் வைத்தார். அக்கா கண்ணைத் துடைக்காமல் ரொட்டிப் பார்சலை நீட்டினாள். கொண்டக்டர் அவசரப்படுத்தினார். மச்சினன் மிதிபலகையில் நின்று, கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் குனிந்தான்.

"அத்தான், இனி என்னய டீவியில தேடாதீங்க."

"பின்ன எங்கடா தேடுறது?"

"ஞாயித்துக்கிழம வாங்க. கோலுக்குப் பக்கத்துலயே நில்லுங்க, நான் அங்கதான் வருவேன்."