பஞ்சக்காவுக்கு வந்த இரண்டு கட்டிகள்

பஞ்சக்கா தைத்த மெத்தையில் படுத்தவர்கள் லேசில் எழுந்ததில்லை. ஒரு நீதிபதி தீர்ப்பு நாளையே தூங்கிக் கழித்தார். அவர் எழுவதற்குள் கைதி தாத்தாவாகிவிட்டான். நம்பாதவர்கள் தரையில் படுத்துக்கொள்ளட்டும்.

கடையின் பின்னறையில் எப்போதும் பஞ்சு மிதக்கும். ஜன்னல் வெயிலில், இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே திரியும். அதன் நடுவே அக்கா கண்ணை மூடிக்கொண்டு மெத்தையைத் தடவுவாள். ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் போதும், "ஈரம் ஏறிடுச்சு, மொத்தமும் போச்சு" என்று மெத்தையையே கழித்துவிடுவாள்.

ஒருநாள் அதே கை, காதுக்குக் கீழே ஒரு கட்டியைத் தொட்டது. ஸ்கேனில் சிறுநீரகத்தில் இன்னொன்று தெரிந்தது. அது புற்றுநோய்தான் என்று முதலில் உறுதியானது.

"காதுகிட்ட இருக்கறதையும் ஊசியால கொஞ்சம் எடுத்துப் பார்த்துடலாம்மா," என்றார் டாக்டரம்மா. "சிறுநீரகத்துலேருந்து பரவினதுன்னா வைத்தியம் கஷ்டம். தனியா வந்ததுன்னா ரெண்டையும் வெட்டி எடுத்துடலாம்."

அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கடையில் உறை தைக்கும் நாத்தனார் தலைமாட்டில் வந்து நின்றாள்.

"ஏன் அண்ணி, ஆயுசு முழுக்க ஊசியோட குடித்தனம் பண்ணிட்டு இப்போ ஊசிக்குப் பயமா?"

"போடி. ரெண்டு கட்டின்னா மொத்தமும் போச்சுன்னு அர்த்தம். எனக்குத் தெரியாதா?"

"நீங்க என்ன மெத்தையா? மெத்தைக்குப் பசிக்குமா? நேத்து என்னோட மல்லுக்கு நின்னது மெத்தையா, நீங்களா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்த பிறகு வீம்பு நிற்குமா?

ஊசிப் பரிசோதனையின் முடிவு வந்தது. இரண்டும் வேறு வேறு புற்று. இரண்டுமே அபூர்வ வகை. ஒரே மழைக்கு ஒரே கூரையடியில் ஒதுங்கிய வழிப்போக்கர்கள்போல, ஒன்றுக்கொன்று முகம்கூடத் தெரியாது.

"ரெண்டும் சேர்ந்து ஒரே ஆளுக்கு வந்து நான் பார்த்ததே இல்லை," என்று வியந்தார் டாக்டரம்மா.

"லாட்டரியில விழாத அதிர்ஷ்டம் இதுலயா விழணும்?" என்றாள் அக்கா.

முதலில் சிறுநீரகத்தில் அறுவை. உடம்பு தேறியதும் காதுக்குக் கீழே. இரண்டாம் முறை மயக்க மருந்து ஏறியபோது, அறை முழுக்கப் பஞ்சு மெல்ல எழும்பியது. அக்காவும் எழும்பினாள். மேஜைக்கு ஒரு சாண் மேலே மிதந்தவளை, நர்ஸ்தான் போர்வையைப் பிடித்து இழுத்து இறக்கினாளாம்.

"அண்ணி, கண்ணைத் திறங்க. அதையும் எடுத்தாச்சு. இனி வருஷாவருஷம் வந்து காட்டினாப் போதுமாம்."

"சும்மா இருடி," என்று முனகினாள் அக்கா. "இப்பத்தான் கண்ணசந்தேன்."