பேடாக்குக்குத் தெற்கே

எங்கள் பெரியப்பா அப்புசாமியின் கொறங்காடு ஜேடர்பாளையத்துக்குக் கிழக்கே, வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டில் இருக்கிறது. உழாமல் புல்லுக்கு விட்டு, சுற்றிலும் வேலியடைத்து, மாடுகளை அவிழ்த்துவிடும் நிலத்தைத்தான் கொறங்காடு என்போம். கல்யாணமான வருஷம் அவரும் பெரியம்மா சௌந்திரமும் கிளுவைக் குச்சிகளை நட்டு வளர்த்த வேலி அது. கோழிகூட நுழையாது. கன்று வளர்ப்பதில் அப்புசாமியை மிஞ்ச ஆளில்லை என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு காதில் விழாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

1938-இல் பங்காளி குமாரசாமி ஊர் திரும்பினார். சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத் துரையிடம் குதிரைக்காரராக இருந்தவர். பெரியப்பா காட்டுக்கு வடக்கே இருந்த தம் நிலத்தில் கல்தூண் நட்டு முள்கம்பி கட்டினார். அதற்கு ஒரு பெயரும் வைத்தார். பேடாக்.

"அதென்னப்பா பேடாக்?" என்று பெரியப்பா சிரிக்காமல் கேட்டார்.

"துரை ஊட்டோரம் குருதைக்கு அடைச்ச புல்லுக்காடுங்கண்ணா. பெங்களூர்ப் பந்தயத்துல, ஓடறதுக்கு முந்தி குருதைகளைச் சுத்தி நடத்திக் காட்டற எடத்துக்கும் அதே பேருதான். துரையோட தம்பி ஆஸ்திரேலியாவுல இருக்கறாரு. அவருக்கு வேலி போட்ட கோதுமைக் காடுகூட பேடாக்தானாம்."

"ஒரே பேருல இத்தனை எடமா? நம்மூருல ஒருத்தனுக்கே நாலு பேரு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வந்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பங்காளிக் காய்ச்சல்.

ஊர் அந்தச் சொல்லுக்குத் தன் பங்குக்கு ஓர் அர்த்தம் சேர்த்தது. மருமகளை வெளியே விடாத வீட்டை "அது பேடாக்கு ஊடு" என்றார்கள் பெண்கள். இதெல்லாம் பெரியப்பாவை உறுத்தவில்லை. ஆனால் மாட்டு வியாபாரி ஒருவர் வழி கேட்டபோது யாரோ, "அப்புசாமி காடுங்களா? பேடாக்குக்குத் தெக்கால" என்றார்கள். இருபது வருஷமாக எல்லோருக்கும் தெரிந்த காடு அது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அதைவிட மோசமானது வியாபாரம். கம்பி வேலிக்கு வெளியே நின்றாலே குமாரசாமி வாங்கி வளர்த்த கன்றுகள் தெரிந்தன. அவர் அவற்றைச் சுற்றி நடத்திக் காட்டுவார். ஆட்டையாம்பட்டி வியாபாரி செல்லமுத்து அங்கேயே நின்றுவிடுவார். கிளுவைக்குப் பின்னால் இருந்த பெரியப்பாவின் கன்றுகளை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை.

1941 மாசியில் அவர் முடிவு செய்தார். "வேலியைப் புடுங்கோணும். கம்பி கட்டோணும்."

"கன்னு தெரியோணும்னா படலைத் தொறந்து உடுங்க. வேலி என்னுங்க பண்ணுச்சு?" என்றார் பெரியம்மா.

"உனக்குத் தெரியாது, போ."

"எனக்குத் தெரியுது. உங்களுக்கு வலிக்கறது வேலி இல்லைங்க, வடக்கால."

சேலத்துக் கடைக்காரர் கப்பல் வந்ததும் கம்பி அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தை. அதற்குள் முடிக்கும் அவசரத்தில் பெரியப்பா ஆள் வைத்து நாலு புறமும் கிளுவையைப் பிடுங்கிப் போட்டார். கல்தூண்களும் நட்டாயிற்று. கம்பி வரவில்லை. ஜெர்மனியோடு நடக்கும் சண்டை முடியும்வரை கம்பி பட்டாளத்துக்குத்தான் என்று கடைக்காரர் கையை விரித்தார்.

அவிழ்த்துவிட்ட மாடுகள் அடுத்தவர் சோளத்தில் இறங்கின. சந்தைக்கென்று வளர்த்த இரண்டு காளைக்கன்றுகளையும் கட்டிப் போட வேண்டியதாயிற்று. கட்டிப் போட்டால் கன்றுக்குக் கால் வலுக்காது. குமாரசாமி அவராகவே வந்தார்.

"அண்ணா, சந்தை வரைக்கும் கன்னுகளை நம்ம காட்டுல உடுங்க. புல்லு கெடக்குது."

அவர் கபடமில்லாமல்தான் கேட்டார். அதுதான் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் கன்றுகளின் விலா எலும்பைப் பார்த்துவிட்டு, சரியென்று ஓட்டிவிட்டார்.

ஒரு மாதத்தில் அவை மினுமினுத்தன. செல்லமுத்து வந்து கம்பியோரம் நின்றார். தம் காட்டில் மற்ற மாடுகளை மறித்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு எல்லாம் கேட்டது.

"குமாரசாமி, கன்னு வளத்தறதுல உன்ன மிஞ்ச ஆளில்லைப்பா!"

"ஐயோ, அது அண்ணனோடதுங்க."

"அட, தன்னடக்கத்தைப் பாரு!"

பெரியப்பா கோலை எறிந்துவிட்டு ஓடினார். "அது என்ர கன்னு! கண்ணு தெரியலியா? என்ர கன்னு!"

"அப்படீங்களா?" என்று செல்லமுத்து சிரித்தார். "பேடாக்குல நிக்குதேன்னு சொன்னேன். யாரோடதா இருந்தா என்னுங்க, வெலையச் சொல்லுங்க."

"உனக்குத் தர மாட்டேன்."

"அண்ணா, நல்ல கிராக்கி, கோவத்துல உட்டுராதீங்க" என்று குமாரசாமி கையைப் பிடித்தார். பெரியப்பா கையை உதறி, இரண்டு கன்றுகளையும் பிடித்து இழுத்துக்கொண்டு தம் காட்டுக்கு வந்தார். அந்த வருஷம் அவர் சந்தைக்கே போகவில்லை.

இது நடந்து இரண்டு வருஷமாகிறது. ஆடி மழையில் பெரியம்மா ஊன்றிய கிளுவைக் குச்சிகள் இப்போதுதான் முழங்கால் உயரம். காலை முதல் மாலை வரை கோலுடன் நின்று மாடுகளை மறிப்பவர் பெரியப்பாதான். வடக்கேயிருந்து யார் வந்தாலும் நிறுத்தி வைத்து ஒன்று கேட்கிறார்:

"அவன் கம்பி துருப்புடிச்சிருச்சா?"

இல்லையென்று சொன்னால், நன்றாகப் பார்த்தீர்களா என்று மறுபடியும் கேட்கிறார்.