சுவிட்சில் வைத்த சந்தனம்

தவறு செய்தவன் நான். அதற்காக வேலையை இழந்தவர் ஆறுமுகம்.

நாற்பதுகளின் இறுதியில், சேலத்துக்கு வெளியே இருந்த ஒரு சிறிய விமானத் தகவல் நிலையத்தில் நான் ரேடியோ ஆபரேட்டர். மல்லசமுத்திரத்துக்காரரான ஆறுமுகம் மெக்கானிக். பலகையில் ஒரு கத்தி சுவிட்ச் இருக்கும்; அதன் உலோகத் தகடு மேலும் கீழும் உள்ள பிடிகளில் ஒன்றில் பொருந்தும். மேலே தள்ளினால் டிரான்ஸ்மிட்டர், பேசலாம். கீழே இழுத்தால் ரிசீவர், கேட்கலாம்.

ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தேன். சுவிட்சை நெருங்கியதும் ஆறுமுகம் தடுத்தார்.

"பொட்டிக்கு வெச்சாச்சுங்களே, போதுமுங்க. சுவிட்சும் பொட்டு கேக்குதுங்களா?"

அவர் போன பிறகு வைத்தேன்.

மறுநாள் காலை, கோவைக்குப் போகும் பயணிகள் விமானத்தை அழைத்தேன். பதில் இல்லை. அலைவரிசையைச் சரிபார்த்தேன். ஹெட்போனை மாற்றினேன். இரைச்சல்கூட இல்லை. விமானத்தில்தான் ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைத்து, பேசுவதையே நிறுத்தினேன். சேர்வராயன் மலைமேல் மேகம் தாழ இறங்கியிருந்தது. அதைச் சொல்லவில்லை.

சென்னையிலிருந்து தந்தி வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. நான் அழைத்தது விமானிக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறார். நான் மௌனமானதும் குழம்பிப்போய், தன் கருவியைச் சந்தேகித்து, சென்னைக்கே திரும்பி இறங்கிவிட்டார்.

சுவிட்சின் கீழ்ப்பிடியைப் பார்த்தேன். சந்தனம் காய்ந்திருந்தது. உலோகம் உலோகத்தைத் தொடவே இல்லை. கைக்குட்டையால் துடைத்தேன். ரிசீவர் உடனே இரைந்தது.

"செட்டைக் கடைசியா யாருய்யா திறந்தது?" என்றார் அதிகாரி.

"ஆறுமுகம் சார்."

அது உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டதுதான் பொய்.

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. என்ன ஆச்சுன்னே தெரியலீங்களே" என்று ஆறுமுகம் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வாரமே அவரை நீக்கினார்கள்.

இரண்டு வருடம் கழித்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். என்னைப் பதவியிறக்கினார்கள். அவரைத் திரும்ப எடுக்கும் ஆணையை நானே மல்லசமுத்திரம் கொண்டுபோனேன். அவர் படித்து முடித்ததும் நடந்ததைச் சொன்னேன்.

"சந்தனமுங்களா? எங்கைதான் வேலைய மறந்துபோச்சுன்னு இருந்தேனுங்க. ரண்டு வருசமா ஒரு ஸ்க்ரூவத் தொடலீங்க."

இப்போது இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று: பதில் வராவிட்டால் முதலில் உங்கள் ரிசீவரைச் சந்தேகியுங்கள். காதில் எதுவும் விழாவிட்டாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

ஆறுமுகம் வேலைக்குத் திரும்பினார். ஆனால் ஒவ்வொரு செட்டை மூடும்போதும் என்னைப் பார்த்து, "செரியாத்தான இருக்குதுங்க?" என்று கேட்பார். முன்பு அவர் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.