பட்டியலின் பன்னிரண்டாம் வரி

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கணக்குத் தாளின் பின்பக்கத்தில், நீல மையில் எழுதிய பட்டியல் ஒன்று என்னிடம் இருக்கிறது. மொத்தம் இருபத்து மூன்று வரிகள். படங்கு 1, கயிறு 2 சுருள், கேத்தல் 1, ரொட்டி 14, தீப்பெட்டி 3 என்று போகிறது. ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரி அடையாளம் இட்டிருக்கிறேன். எதையும் மறக்கவில்லை என்பதில் அன்று எனக்குப் பெருமை. பன்னிரண்டாம் வரியில் “அடையாள அட்டை 1” என்று இருக்கிறது. பயணம் போனவர்கள் இரண்டு பேர்.

மற்றவர் எங்கள் தோட்டத்துத் தச்சர். நான் அங்கே பெரிய கிளாக்கராக இருந்தேன். தோட்டத்தை நிர்வகித்த பழைய துரை ஒருவர் தொழிற்சாலையின் பின்கொட்டகையில் விட்டுப்போன பன்னிரண்டடிப் படகை அவர் பதினாறு ஞாயிற்றுக்கிழமைகளில் செப்பனிட்டார். பத்தொன்பது கோதுமை மாச் சாக்குகளைப் பிரித்துத் தைத்துப் பாய் செய்தார். அவருக்கு அந்த ஆசையை மூட்டியவன் நான்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் படகுக்காரர்கள் கரையோரமாகவே பாய் விரித்துப் போவார்கள், பொழுது சாய்ந்ததும் ஏதாவதொரு மணற்கரையில் படகை இழுத்து வைத்துச் சமைத்துப் படுத்து, விடிந்ததும் புறப்படுவார்கள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் படகுகளில் நான் ஏறியதே மூன்று முறைதான். மூன்று முறையும் வாந்தி எடுத்தேன். அதைச் சொல்லவில்லை. அது போர்க்காலம், தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் ஊர்க் கடலுக்கு நானே போக முடியாது. மலைநாட்டில் அட்டனுக்குக் கீழே உள்ள நீர்த்தேக்கத்தையே கடலாக வைத்துக்கொண்டு, கரையைப் பிடித்தபடி ஒரு சுற்றுப் போய், வழியில் ஓர் இரவு தங்குவது என்று முடிவு செய்தோம்.

தச்சரிடம் அடையாள அட்டை இல்லாததற்கும் காரணம் நான்தான். தோட்டத்தில் பலருக்கு அப்போது அட்டை இல்லை. விண்ணப்பங்களைச் சரிபார்த்து, துரையின் கையெழுத்து வாங்கி அனுப்புவது என் வேலை. தச்சரின் விண்ணப்பம் ஐந்து மாதமாக என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அதில் நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. உதிரியாக எதையும் அனுப்ப எனக்குப் பிடிக்காது. அவர் இரண்டு முறை கேட்டார்.

“கிளாக்கரய்யா, நம்ம அட்டை பாரம் போயிருச்சுங்களா?”

“அம்பது சேரட்டும். ஒண்டாய் அனுப்புவம்” என்றேன். இரண்டு முறையும் அதே பதில்.

புறப்பட்ட சனிக்கிழமை மதியம், கரையில் நின்று பட்டியலை அவர் கையில் கொடுத்தேன். அவர் வாசிக்க வாசிக்கச் சாமான்களைப் பார்த்துச் சொன்னேன், அவர் முடித்ததும் தாளை வாங்கி அடையாளம் இட்டேன். “அடையாள அட்டை ஒண்ணு” என்று வாசித்தவர் சற்று நிறுத்தினார். நான் சட்டைப் பையைத் தட்டி, “இருக்கு” என்றேன். அவர் பதின்மூன்றாம் வரிக்குப் போனார்.

அன்று இரவு வரைக்கும் அது நல்ல பயணம். கயிற்றைத் தளர்த்தச் சொல்லி நான் கட்டளையிட்டதும் படகு சாய்ந்து எங்கள் இருவரையும் நனைத்தது. “ஐயா ஊருல படகுங்க இப்படித்தான் குளிப்பாட்டி விடுமா?” என்று தச்சர் சிரித்தார். அதற்குப் பிறகு பாயை அவரே பார்த்துக்கொண்டார், நான் வளைவுகளை எண்ணினேன். ஒன்பதாவது வளைவில், தேயிலை முடிந்து பைன் மரங்கள் தொடங்கும் இடத்தில் படகை இழுத்து வைத்தோம். ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்றபின், படங்கைக் கீழே விரித்து, படகின் பாயை மேலே கூரையாகக் கட்டிப் படுத்தோம். “நாளைக்கு யாரும் பெரட்டுக்குக் கூப்புட மாட்டாங்கல்ல?” என்றார். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்தக் காலைச் சத்தம் எட்டாத இடத்தில் அவர் தூங்கியது அதுவே முதல் தடவையாம்.

விடிந்து அரைமணி நேரத்தில் அணைக்கட்டுப் பக்கம் திரும்பியபோது, கரையிலிருந்து படையினர் மூவர் கையசைத்து அழைத்தார்கள். காவலரணில் இருந்த அதிகாரி என் அட்டையை வாங்கினார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்ததைப் பார்த்துவிட்டு, அட்டையை இரண்டு முறை திருப்பினார். தச்சரிடம் அட்டை கேட்டபோது அவர் சிங்களத்தில் தெளிவாகவே சொன்னார்: விண்ணப்பம் கொடுத்து ஐந்து மாதமாகிறது, இந்த ஐயாவிடம்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று.

அதிகாரி என்னைப் பார்த்தார். ஆம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அடுத்த கேள்வி என் மேல் வரும். ஏன் அனுப்பவில்லை, அட்டை இல்லாத ஆளை அணைக்கட்டுக்கு அருகே ஏன் கூட்டிவந்தாய், யாழ்ப்பாணத்தானுக்குப் படகு எதற்கு? இவ்வளவையும் ஒரு நொடியில் எண்ணி முடித்தேன். “பார்த்துத்தான் சொல்ல வேண்டும்” என்று சிங்களத்தில் சொன்னேன். சிங்களத்தில் அது நான்கு சொற்கள். தச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் ஈரக் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

பத்து மணிக்கு என்னை விட்டார்கள். அவரை விடவில்லை.

திங்கட்கிழமை காலை அவருடைய மனைவி கொழுந்துக் கூடையை வெளியே வைத்துவிட்டு அலுவலக வாசலில் வந்து நின்றார். “ஐயா, நீங்களுந்தானே கூட இருந்தீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா விட்ருவாங்கல்ல?”

“துரையிட்டச் சொல்லியிருக்கிறன், பிள்ளை” என்றேன். துரையிடம் நான் சொன்னது, தச்சரிடம் அட்டை இருக்கவில்லை என்பது மட்டும். இழுப்பறையைப் பற்றிச் சொல்லவில்லை. அன்று மதியமே நாற்பத்து மூன்று விண்ணப்பங்களும் தபாலில் போயின. ஐம்பது சேரவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை.

துரை பலமுறை தொலைபேசியில் பேசிய பிறகு நான்காம் நாள் தச்சர் திரும்பி வந்தார். இடது கண் வீங்கி மூடியிருந்தது. என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “படகு எங்கங்கய்யா?” காவலரண் பக்கமே கிடக்கிறது என்றேன். அதை எடுத்துவர நாங்கள் இருவருமே போகவில்லை.

சில மாதங்களில் அட்டை வந்தது. அதை என் மேசையில் வைத்துக் காட்டினார். நான் எழுத்துப் பிழை ஏதும் உண்டா என்று பார்ப்பதுபோல் குனிந்து, பார்த்துக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்கக் கிடைத்த வேளை அதுதான். “எல்லாம் சரி” என்று மட்டும் சொன்னேன். அவர் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல், ஒரு வேலை விவரம் சொல்வதுபோலச் சொன்னார்: “அடுத்த தடவ பட்டியல் எழுதுறப்ப ரெண்டுன்னு போட்டுக்குங்க ஐயா.”

அடுத்த தடவை என்று ஒன்று இல்லை. போர் முடிந்தபின் என் ஊர்க் கடலும் திறந்தது. நான் ஓய்வுபெறும் முன்பே அவர் காலமானார். மரண வீட்டில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் மனைவி எனக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

இப்போது தாளை விரித்து மறுபடி எண்ணுகிறேன். இருபத்து மூன்று வரிகள், இருபத்து மூன்று சரி அடையாளங்கள். பேனை கையில் இருக்கிறது, ஒன்றை இரண்டாக மாற்ற மனம் துணியவில்லை. பன்னிரண்டாம் வரியின் அடையாளம்தான் எல்லாவற்றிலும் அழுத்தமாக விழுந்திருக்கிறது. விரலால் தடவினால் தாளின் மறுபக்கத்திலும் தெரிகிறது.