காம்பா, கயிறா? அப்பாவின் முடியாத வழக்கு

அப்பா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை உறவினர்களும் நண்பர்களும் அறிவார்கள். எப்படி விடைபெற்றார் என்பதை மகளாகிய நான் சொல்கிறேன்.

துறையூரில் பிறந்து, சிறு வயதிலேயே தந்தையை இழந்து, உறவினர் வீடுகளில் தங்கிப் படித்து, திருச்சியில் தாவரவியல் பேராசிரியரானவர் அப்பா. யாரிடமும் கை நீட்டியதில்லை. யாருக்கும் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அதில் அவருக்குச் சரியான ஜோடி, உடன் பணியாற்றிய திருவெறும்பூர் மாமா. தமிழ்வழி மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதியபோது இருவருக்கும் ஒரு சொல்லில் முட்டிக்கொண்டது. மொச்சைக்காயைப் பிரித்தால் ஒவ்வொரு விதையும் சிறு காம்பொன்றால் தோலோடு ஒட்டியிருக்கும். ஆங்கிலத்தில் அது ‘ஃபியூனிக்கிள்’. சிறு கயிறு என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

“மூலத்துல கயிறுதான் சார் இருக்கு. சூல்கயிறுன்னு போடுங்க” என்பார் மாமா.

“பசங்க கண்ணுக்குக் காம்புதானே தெரியுது? சூல்காம்புதான்” என்பார் அப்பா.

ஓய்வு பெற்ற பிறகும் வழக்கு ஓயவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் மாமாவை வழியனுப்ப அப்பா சத்திரம் பேருந்து நிலையம் வரை போவார். பேச்சில் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்பார்கள். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அல்சர் என்றே சொல்லிவந்தோம். மாமாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

மறுநாளே வந்துவிட்டார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “யோசிச்சுப் பார்த்தேன் சார். நீங்க சொன்னதுதான் சரி. காம்புன்னே இருக்கட்டும்” என்றார்.

அப்பா அவரையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “டாக்டர் கையை விரிச்சிட்டாரா?” என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா கலங்கவில்லை. மாமாவிடம்தான் கோபித்துக்கொண்டார். “போகப்போறவன்னு பாவம் பாக்காதீங்க. இருக்கிற வரைக்கும் ஒழுங்கா சண்டை போடுங்க.”

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப கயிறுதான்” என்றார். அதன்பின் தினமும் வந்தார்.

மருந்துக்கும் ஆட்டோவுக்கும் ஓடியவர்களுக்கும், எங்களுக்குச் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். மாமாவுக்கு என்ன சொல்வது? அப்பா நினைவிழந்து கிடந்த கடைசி நாளிலும் அவர் காதருகே குனிந்து, “கயிறுதான் சார்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்காக வெகுநேரம் காத்திருந்தார்.