நந்தியின் காதில் சொன்னது

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு சான் ரமோனிலிருந்து கிளம்பினோம். சான் ஃபிரான்சிஸ்கோ அருங்காட்சியகம் முப்பத்தைந்து மைல். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே ஆளுக்கொரு சிலையைப் பார்த்து, அது அந்த இடத்துக்கு வந்த கதையைத் தாங்களே ஒரு தலபுராணமாக எழுத வேண்டும். பிள்ளைகள் எதையாவது உடைத்துவிட்டால் யார் பணம் கட்டுவது என்று ஃப்ரீவே முழுக்க எனக்கு யோசனை. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இந்த மாதிரி இடமென்றால் எனக்குப் பரீட்சை ஹால்தான் ஞாபகம் வரும்.

பெரிய கவலை பின்சீட்டில் இருந்தது. என் பத்து வயது மகள் அஞ்சனா முந்தின நாளே சொல்லிவிட்டாள்: "அம்மா, திஸ் இஸ் மை லாஸ்ட் தமிழ் கிளாஸ்."

பார்க்கிங் இருபத்தெட்டு டாலர். "இதுக்கு லிவர்மோர் கோவில்ல ரெண்டு அர்ச்சனை பண்ணிருக்கலாம்க்கா" என்றார் காரை ஓட்டி வந்த ஆசிரியை கவிதா.

இரண்டாம் மாடியில் மற்ற பிள்ளைகள் நடராஜரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சனா மட்டும் மூலையில் கருங்கல் நந்தியின் பக்கத்தில். நந்திக்கு எதிரே சிவன் இல்லை. அவசர வழிக் கதவுதான் இருந்தது. அவள் மடியில் காகிதம் வெள்ளையாகவே கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. கோவில் பழக்கம், கையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்து நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லிவிட்டேன்.

பீப் பீப் என்று அலாரம். "மேடம், ஸ்டெப் பேக் ப்ளீஸ்!" காவலர் ஓடிவந்தார். போலீஸ், விசா எல்லாம் ஒரு நொடியில் என் கண்முன் வந்து போயின. கவிதா சிரித்துக்கொண்டே அவரிடம் விளக்கினார். அவரும் சிரித்துவிட்டு, அப்படி என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டார்.

"வெளியில சொன்னா பலிக்காதுன்னு சொல்லும்மா" என்றேன் கவிதாவிடம்.

"ஸோ எம்பாரஸிங், அம்மா!" அஞ்சனாவின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்: "ஒய் ஹிஸ் இயர்?"

"நாம சொல்றத அவர் சிவன்கிட்ட சொல்லுவாரு."

அவள் கதவைப் பார்த்தாள். "பட் சிவா இஸ் நாட் ஹியர்."

நான் காவலரைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன். அவள் எழுத ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் கீழே காபிக் கடையில் அதைக் கவிதா உரக்கப் படித்தார்: "நந்தி காதுல நிறைய பேர் சொன்னது இருக்கு. சிவன் இல்லை. யார்கிட்ட குடுக்கும்? காது வலிக்குது. ரொம்ப வருஷம் யாரும் தமிழ் பேசலை. இன்னைக்கு ஒரு அம்மா பேசினாங்க. நந்தி சந்தோஷமா கத்திச்சு. எல்லாரும் அலாரம்னு நினைச்சாங்க." அதற்கு மேல் இல்லை.

"அடியே, இது நிஜத் தலபுராணம்டி!" என்றார்.

திரும்பும்போது கார் கடல் பாலத்தின் மேல் ஏறியதும் அஞ்சனா பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். "அம்மா, நீ என்ன சொன்னே? ஐ நீட் இட் ஃபார் த ஸ்டோரி."

சொன்னால் பலிக்காது. சொல்லாவிட்டால் கதை பாதியில் நின்றுபோகும். அவள் பக்கம் திரும்பினேன்.

"நீ தமிழ் கிளாஸ விட்டுடக் கூடாதுன்னு."

"தட்ஸ் ஸோ போரிங். நான் வேற எழுதறேன்." பிறகு முன்பக்கம் எட்டிப் பார்த்து, "கவிதா ஆன்ட்டி, அடுத்த சாட்டர்டே முடிச்சுக் கொண்டுவந்தா ஓகேவா?"

எங்கள் ஊர் நந்தி எதையும் இவ்வளவு சீக்கிரம் முடித்துக் கொடுத்ததில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் யாருக்கும் ஜுரம் வந்துவிடக் கூடாதே என்று எனக்கு அடுத்த கவலை பிடித்துக்கொண்டது.