வளைவில் இருந்த வீடு

தையல்காரி கல்யாணமாகி வந்த காலத்தில் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே வயல் பரந்து கிடந்தது. ஆற்று வண்டலில் எதைப் போட்டாலும் விளையும் என்றுதான் புருஷனின் பாட்டன் காலத்து ஆட்கள் பாறை மேட்டிலிருந்து இறங்கி வந்து இந்த வளைவில் குடியேறினார்கள்.

வளைவு என்பதால் தண்ணீர் இந்தக் கரையில்தான் முட்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை இடியும். இடிந்த மண் சற்றுக் கீழே எதிர்க்கரையில் திட்டாகச் சேரும். முதலில் வயல் போயிற்று. அப்புறம் எதிர்வரிசை வீடுகள். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராகத் தட்டுமுட்டுச் சாமான்களோடு மேட்டுக்கே திரும்பிப் போனார்கள். அந்தப் பாறையில் புல்கூட யோசித்துத்தான் முளைக்கும்.

அவள் புருஷன் மட்டும் அசையவில்லை. கொஞ்சம் தள்ளியிருந்த இடுகாட்டில், காய்ச்சலில் போன ஒரே மகளைப் புதைத்திருந்தார்கள். ஒரு மழைக்காலத்தில் அங்கேயும் விரிசல் விட்டது.

"அவளை எடுத்துட்டுப் போயிடலாங்க" என்றாள்.

"அவ அங்கேயே இருக்கட்டும். நானும் இங்கேயே இருக்கேன்."

"ஆறு அவளை விட்டுவைக்காதுங்க."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் தன் தம்பியை வரவழைத்தாள். தோண்டிக்கொண்டிருக்கும்போதே கரை பொத்தென்று சரிந்தது. தம்பி அவளைப் பின்னால் இழுத்துப் போட்டான். கைக்குக் கிடைத்தது பாதிதான். மீதி மண்ணோடு போய்விட்டது. கிடைத்ததை லைனிங் துணியில் முடிந்துகொண்டு வந்தாள்.

புருஷன் அந்த மூட்டையின் அளவைப் பார்த்தார். தையல் மெஷினைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தார். அடுத்த வெள்ளத்தில் வீடும் போயிற்று.

மேட்டில் மகளுக்கு ஒரு குழி வெட்டக் கடப்பாரை வேண்டியிருந்தது. குடத்துத் தண்ணீருக்கு ஆற்றுக்கே இறங்க வேண்டும். தையலில் மட்டும் வயிறு நிறையாததால், புருஷன் ஓடமேறி எதிர்க்கரைத் திட்டில் கூலிக்குக் களை பறிக்கப் போனார். அது தன் வயல் மண்தான் என்று அவருக்குத் தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது, அங்கே தண்ணீருக்குப் பக்கத்திலேயே வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்றார்.

"நமக்கு நடந்ததைச் சொன்னீங்களா?"

"சொன்னேன். மண்ணு நல்லா இருக்குன்னாங்க."

அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.